மடக்கு ரிகம்பென்ட்: ஹேண்டில் சொல்பேச்சு கேட்காதபோது

ரிகம்பென்ட் என்றால் ஈஸி சேரில் சாய்ந்த மாதிரி உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கிற சைக்கிள். அதையே இரண்டாக மடக்கி ரயிலில் ஏற்றிக்கொள்ளும்படி செய்தால் மடக்கு ரிகம்பென்ட். ஜெர்மனியின் ஹெச்பி வெலோடெக்னிக் நிறுவனத்து கிராஸ்ஹாப்பர் எஃப்எக்ஸ், அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்து பைக் ஃப்ரைடே செய்த சாட்ஆர்டே, அலுமினிய உத்தரத்தையே ஃபிரேமாக வைத்த லீனியர் என்று சில வகைகள் உண்டு. நான் ஓட்டுவது முன்னும் பின்னும் 20 அங்குலச் சக்கரம் உள்ள, சக்கரங்களுக்கு நடுவே தூரம் குறைந்த குட்டையான வகை. இருப்பது ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் என்பதால் மைன் ஆற்றங்கரைப் பாதைதான் என் சோதனைக்கூடம்.

இந்த வண்டியைப் பழுதுபார்க்கக் கொண்டுபோனால் கடைக்காரர் முதலில் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. 1933இல் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர் இப்படிப்பட்ட சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். மறு ஆண்டே உலக சைக்கிள் சங்கம் ‘இது சைக்கிளே இல்லை’ என்று பந்தயத்திலிருந்து தள்ளிவைத்துவிட்டது. பந்தயத்தில் இல்லாத வண்டி கடையிலும் அபூர்வமாகிவிட்டது. ஆகவே ஸ்டியரிங்கில் கோளாறு என்றால் பெரும்பாலும் நாம்தான் அலன் கீயோடு தரையில் உட்கார வேண்டும்.

எதையும் கழற்றுவதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கோளாறு எப்போதும் இருந்ததா, இல்லை கடைசியாக மடக்கிப் பிரித்த பிறகு வந்ததா? எப்போதும் இருந்தது என்றால் அது வண்டியின் அமைப்பு அல்லது உங்கள் கைப்பழக்கம். மடக்கிப் பிரித்த பிறகு வந்தது என்றால், மடக்கும் கீல், ஸ்டெம் (ஹேண்டிலைத் தாங்கும் தண்டு), சீட், ஒயர் இந்த நான்கில் ஒன்று தன் பழைய இடத்தில் உட்காரவில்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் நான் செலவழித்த காசு கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தக் கதை கீழே வரும்.

உங்கள் வண்டி எந்த வகை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹேண்டில் நெஞ்சுக்கு முன்னால் வந்தால் மேல் ஸ்டியரிங். தொடைக்கு இரு பக்கமும் கை தொங்கிப் பிடிப்பதாக இருந்தால் கீழ் ஸ்டியரிங். கீழ் ஸ்டியரிங்கிலும் இரண்டு உண்டு. ஹேண்டில் நேராக ஃபோர்க்கோடு, அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையோடு, சேர்ந்து திரும்புவது ஒன்று. சீட்டுக்கடியில் தனி அச்சில் திரும்பி, ஒரு கம்பி வழியாக ஃபோர்க்கைத் தள்ளி இழுப்பது இன்னொன்று. கம்பி உள்ளதற்குத் தனி நோய்கள் இருக்கின்றன.

“கிளம்பும்போது பாம்பு மாதிரி நெளியுது”

புதிதாக ஓட்டுபவர் எல்லோரும் சொல்வது இதுதான். வண்டி மேல் சந்தேகப்பட வேண்டாம், முதல் இரண்டு வாரத்துக்கு உங்கள் மேலேயே சந்தேகப்படுங்கள். துடைப்பத்தை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள், கொஞ்ச நேரம் நிற்கும். பென்சிலை நிறுத்த முடியாது. உயரம் குறையக் குறைய விழும் வேகம் கூடும். சாதாரண சைக்கிளில் துடைப்பம் மாதிரி இருந்த நீங்கள் இப்போது பென்சில் ஆகிவிட்டீர்கள். சமாளிக்கும் அசைவு சின்னதாகவும் சட்டென்றும் இருக்க வேண்டும். சின்ன வயதில் குரங்குப் பெடல் போட்ட நாட்களைத்தான் திரும்ப வாழ்கிறீர்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நெளிவுக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் கைதான். சாதாரண சைக்கிளில் ஏறி மிதிக்கும்போது ஹேண்டிலை இழுத்துப் பலம் எடுத்துப் பழகியிருக்கிறோம். ரிகம்பென்டில் காலை உதைத்தால் முதுகு சீட்டில் முட்டும், பலம் அங்கிருந்தே வந்துவிடும். ஆனால் கை அதை ஒப்புக்கொள்ளாது. வலக்கால் உதைக்கும்போது வலக்கை இழுக்கும், இடக்கால் உதைக்கும்போது இடக்கை இழுக்கும். வண்டி மிதிக்கு ஒரு முறை நெளியும்.

சோதனை எளிது. சூடான டம்ளரின் விளிம்பைப் பிடிப்பது மாதிரி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வைத்து ஹேண்டிலைப் பிடித்து, காலியான சமதளத்தில் ஐம்பது மீட்டர் ஓட்டுங்கள். நெளிவு பாதியாகக் குறைந்தால் வியாதி கையில். முன் சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தில் ஒரு மரத்தைப் பாருங்கள். லேசான கியரில் கிளம்புங்கள். கனமான கியரில் முதல் மிதி பாதி சுற்றிலேயே நின்றுவிடும், அங்கேதான் விழுவீர்கள். சீட்டை ஒரு படி நிமிர்த்தி வையுங்கள். பழகிய பிறகு சாய்த்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரம் கழித்தும் நெளிகிறதா? சரி, இப்போது வண்டியைப் பார்ப்போம்.

மேல் ஸ்டியரிங் என்றால், ஃபோர்க் அச்சிலிருந்து உங்கள் கைப்பிடி எவ்வளவு பின்னால் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பிடி பின்னால் வர வர அது ஹேண்டிலாக இல்லாமல் தோணியின் சுக்கானாகிவிடும். திருப்ப வேண்டுமென்றால் கையைச் சுழற்றினால் போதாது, இரண்டு கையையும் சேர்த்து ஒரு பக்கமாக வீச வேண்டும். மெதுவாகப் போகும்போது இந்த வீச்சு பெரிதாகி, தோளும் கூடவே ஆடி, உடம்பின் எடை இடம் மாறி நெளிவு கூடும். பிடியை முன்னால் தள்ளுங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்கிற அளவு போதும். மடக்குவதற்காக முன்னால் சாயும் ஸ்டெம் உள்ள வண்டியில், அது பிரித்த நிலையில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதே இந்தத் தூரத்தை மாற்றிவிடும். ஸ்டெம் கொஞ்சம் பின்னால் சாய்ந்து நின்றாலே வேறு வண்டி ஓட்டுவது போலிருக்கும். சரியான கோணம் கிடைத்ததும் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

அடுத்தது டிரெயில். ஃபோர்க் திரும்பும் அச்சை ஒரு கோடாக நினைத்துத் தரைவரை நீட்டுங்கள். அது தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் தரையைத் தொடும். இந்த இடைவெளிதான் டிரெயில். இது இருப்பதால்தான் வண்டி ஓடும்போது சக்கரம் தானாக நேராகப் பார்க்கிறது. குறைந்தால் வண்டி படபடக்கும். ரொம்பக் கூடினால் மெதுவாகப் போகும்போது சக்கரம் பக்கவாட்டில் ‘விழ’ப் பார்க்கும், அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். நீளமான வகை ரிகம்பென்டுகளில் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்திருப்பதால் இந்த விழும் குணம் அதிகம். அது கோளாறு இல்லை, சுபாவம்.

டிரெயிலை நமக்குத் தெரியாமலே நாம் மாற்றிவிடுகிறோம். 47 மி.மீ டயரைக் கழற்றி வேகத்துக்காக 28 மி.மீ டயர் போட்டால் சக்கரத்தின் ஆரம் 19 மி.மீ குறைகிறது. ஃபோர்க் அச்சு 68 பாகையில் நிற்கும் வண்டியில் இதனால் மட்டும் டிரெயில் ஏறக்குறைய 8 மி.மீ குறையும். முன்பு 47 மி.மீ இருந்தால் இப்போது 39. கையில் நன்றாகவே தெரியும். 20 அங்குல முன் சக்கரத்துக்குப் பதில் 16 அங்குலம் போட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு. அதில் ஆரம் குறைவதோடு வண்டியின் மூக்கும் தாழ்ந்து அச்சு நிமிர்ந்துவிடும், இரட்டை அடி. டயர் மாற்றிய வாரத்தில்தான் நெளிவு தொடங்கியது என்றால் கைப்பழக்கத்தைத் திட்ட வேண்டாம். பழைய டயரைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

“பிரேக் பிடிச்சா முன்னாடி டக்குன்னு ஒரு சத்தம்”

இதுதான் நான் காசைக் கரைத்த இடம்.

ஆற்றங்கரையில் ஒரு ஞாயிறு ஓட்டிவிட்டு வந்ததிலிருந்து, முன் பிரேக் பிடித்தால் ஒரு ‘டக்’. ஹேண்டில் வழியாக உள்ளங்கைக்கு வரும். சைக்கிள் தெரிந்த யாரும் முதலில் சொல்வதையே நானும் சொன்னேன்: கோன் செட் (ஃபோர்க் ஃபிரேமில் திரும்பும் இடத்து பேரிங்) ஆட்டம். இறுக்கினேன், போகவில்லை. இன்னும் இறுக்கினேன், ஹேண்டில் கனமானதுதான் மிச்சம். புது பேரிங் வாங்கி மாற்றினேன். டக். பிரேக் கட்டைகளை மாற்றினேன். டக். ஆறு வாரம் ஆயிற்று. ஒருநாள் ரயிலுக்காக மடக்கும்போது கீலின் இரண்டு முகங்களுக்கும் நடுவில் வெயில் பட்டு ஏதோ மின்னியது. நகத்தால் சுரண்டினால் ஒரு மணல் துணுக்கு. கடுகில் பாதிகூட இருக்காது. அது கீலின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு முகமும் முழுதாகப் படியாமல் தடுத்திருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது ஃபிரேமே அந்த மயிரிழை இடைவெளியை மூடிக்கொண்டது, அதுதான் டக். துடைத்துவிட்டு மூடினேன். சத்தம் நின்றது.

அதிலிருந்து நான் பின்பற்றும் வரிசை இது. எதையும் இறுக்காமல் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

முன் சக்கரத்தை நான்கைந்து விரல் உயரம் தூக்கித் தரையில் போடுங்கள், பிரேக் பிடிக்காமல். கடகடவென்றால் கோன் செட்டில் சந்தேகம். இப்போது முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, மற்றொரு கையின் விரலை ஃபோர்க்கும் ஃபிரேமும் சேரும் இடுக்கில் வைத்து வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஆட்டம் விரலுக்குத் தெரிந்தால் கோன் செட் என்று தோன்றும். ஆனால் அவசரம் வேண்டாம். ஷாக் உள்ள ஃபோர்க் என்றால் அதன் கால்களிலேயே ஆட்டம் இருக்கும், பிரேக் கட்டையும் அதன் இடத்தில் கொஞ்சம் அசையும். பிரித்தறிய, சக்கரத்தை முழுக்க ஒரு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு திரும்ப அசையுங்கள். ஃபோர்க் கால், பிரேக் கட்டை இவற்றின் ஆட்டம் இந்த நிலையில் மறைந்துவிடும், அல்லது ரொம்பக் குறையும். கோன் செட் ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கும்.

கோன் செட் அப்பாவி என்றால் கீலுக்கு வாருங்கள். கீலின் பிளவுக்குக் குறுக்கே விரலை வைத்து, வேறு யாரையாவது முன் பிரேக் பிடித்து வண்டியைத் தள்ளச் சொல்லுங்கள். விரல் நுனி ரொம்ப நுணுக்கமான கருவி. கண்ணுக்குத் தெரியாத அசைவு அதற்குத் தெரியும். அதே மாதிரி ஸ்டெம்மின் மடிப்பு, சீட்டின் கீழ்ப் பூட்டு, பெடலைத் தாங்கும் முன்குழாயை நீட்டிக் குறைக்கும் பிடி என்று எல்லா மூட்டிலும் விரலை வைத்துப் பாருங்கள். மடக்கு வண்டியில் மூட்டு எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் கோன் செட் மாதிரி நடிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார்.

கீலில் ஆட்டம் இருந்தால் முதலில் இரண்டு முகங்களையும் பழந்துணியால் துடையுங்கள். முகத்துக்கு கிரீஸ் பூசாதீர்கள், அது மணலை அழைத்து வைத்துக்கொள்ளும். கீலின் ஊசிக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய். லீவர் வைத்த கீல் என்றால், மூடும்போது பாதி வழியிலேயே எதிர்ப்பு தெரிய வேண்டும், முழுக்க மூடிய பிறகு உள்ளங்கையில் லீவரின் தடம் பதிந்திருக்க வேண்டும். தடமே இல்லாமல் மூடினால் எதிர்ப்பக்க நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். போல்ட் வைத்தது என்றால் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும் டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு மட்டும். அலுமினியக் கீலில் கைப்பலத்தைக் காட்டுவது வீரமில்லை. கீலின் ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்து, துடைத்தும் போகவில்லை என்றால் அது விரிசலாக இருக்கலாம். அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

அப்புறம் ஒரு வீட்டு வைத்தியம். எல்லா மூட்டுகளும் சரியாக இருக்கும் ஒரு நல்ல நாளில், ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை நகப்பாலிஷால் ஒரு சின்னக் கோடு இழுங்கள். போல்ட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். என் வண்டியில் இந்தக் கோடுகள் சிவப்பு. வீட்டில் யாருடைய பாட்டில் என்பதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

“இறக்கத்துல ஹேண்டில் கிடுகிடுன்னு ஆடுது”

பயமுறுத்தும் கோளாறு இது. 35, 40 கிலோமீட்டர் வேகத்தில் திடீரென்று முன்பக்கம் வினாடிக்குப் பல முறை இடமும் வலமுமாக உதறும்.

அது நடக்கும்போது என்ன செய்வது என்பதை முதலில் சொல்கிறேன். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். இறுகிய கை அந்த உதறலை உடம்புக்கும், உடம்பிலிருந்து திரும்ப வண்டிக்கும் கடத்தும். பிடியைத் தளர்த்துங்கள், விடாதீர்கள். மிதிப்பதை நிறுத்துங்கள். பின் பிரேக்கை மெதுவாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். முன் பிரேக்கைப் பிடுங்கி அடிக்க வேண்டாம். சாதாரண சைக்கிளில் இரண்டு முட்டியாலும் பாரை நெருக்கிப் பிடித்தால் உதறல் அடங்கும் என்பார்கள். ரிகம்பென்டில் முட்டிக்கு நடுவில் நெருக்குவதற்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தேடுங்கள். முந்தைய பகுதியில் சொன்ன எல்லா மூட்டுகளும் இதற்கும் பொருந்தும், கோன் செட்டில் சின்ன ஆட்டம் இருந்தாலே போதும். பிறகு சக்கரம்: ரிம்மைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், அச்சில் ஆட்டம் இருந்தால் தெரியும். சுற்றிவிட்டுப் பிரேக் கட்டைக்கு எதிரே பாருங்கள், கோட்டம் இருந்தால் எடுங்கள். டயர் ரிம்மில் ஒரே அளவாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டயரின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும், அது ஓரிடத்தில் ரிம்முக்குள் அமுங்கியிருந்தால் காற்றை இறக்கிச் சரிசெய்ய வேண்டும். சின்னச் சக்கரம் அதே வேகத்துக்கு அதிகம் சுற்றுவதால் இந்தச் சின்னக் கோணல்கள் பெரிதாகத் தெரியும்.

மூட்டை முடிச்சையும் மறக்காதீர்கள். சீட்டுக்குப் பின்னால் உயரத்தில் ஒரு கனமான பையைக் கட்டினால், அது ஃபிரேமை முறுக்கி விளையாடும் பெண்டுலம். கீல் நடுவில் இருக்கும் ஃபிரேம் ஒற்றைக் குழாயைவிடக் கொஞ்சமாவது அதிகம் முறுக்கிக்கொள்ளும். எடையைத் தாழ்த்துங்கள், இரண்டு பக்கமும் சமமாகப் பிரியுங்கள், முடிந்தால் சீட்டுக்கு அடியில் கொண்டுவாருங்கள்.

ஸ்டியரிங் டேம்பர் (ஹேண்டிலின் உதறலை அடக்கும் சாமான்) வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. மாட்டினால் உதறல் குறையலாம். ஆனால் தளர்ந்த கீலின் மேல் டேம்பர் மாட்டுவது பல்வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு முறுக்கு தின்பது மாதிரி. எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு வேண்டுமானால் அதை யோசிக்கலாம்.

“ஒரு பக்கமா இழுக்குது”

முதலில் சாலையைப் பாருங்கள். சாலை ஓரத்துக்குச் சரிந்திருக்கும், வண்டியும் அந்தப் பக்கம் சரியும். அதே இடத்தில் எதிர்த்திசையிலும் ஓட்டிப் பாருங்கள். இழுப்பு பக்கம் மாறினால் வண்டி குற்றமற்றது.

மாறவில்லை என்றால், பிரித்து மாட்டியபோது ஒயர்கள் எந்த வழியாக வந்தன என்று பாருங்கள். மடக்கு வண்டியில் பின் பிரேக், கியர் ஒயர்கள் கீலைத் தாண்டி வருவதால் நீளமாக விட்டிருப்பார்கள். பிரிக்கும்போது ஒரு வளையம் ஸ்டெம்முக்குத் தப்பான பக்கத்தில் போய்விட்டால், அது ஸ்பிரிங் மாதிரி சக்கரத்தை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துச் சக்கரத்தை நேராக வைத்து விடுங்கள். எப்போதும் ஒரே பக்கம் விழுந்தால் ஒயரைத் திருத்துங்கள்.

அடுத்து, முன் சக்கரம் ஃபோர்க்கின் இரண்டு பள்ளத்திலும் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா? பயணத்துக்காகச் சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். வண்டியைத் தரையில் நிறுத்தி, எடையை அழுத்திய நிலையில் அச்சைத் தளர்த்தி மறுபடி இறுக்கினால் நேராகும்.

இதற்கும் மசியவில்லை என்றால் ஈரத் தடம் பார்க்க வேண்டும். காய்ந்த சிமென்ட் தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அதன் மேல் ஏறி, பதினைந்து மீட்டர் நேராக ஓட்டிவிட்டு இறங்கி வந்து தடத்தைப் பாருங்கள். பின் சக்கரத்தின் தடம் முன் சக்கரத்தின் தடத்தின் மேலேயே விழ வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர் என்றால் இரண்டும் கயிறு பின்னியது போலக் குறுக்கும் நெடுக்குமாகப் போகும், அது கையின் வேலை. இரண்டு தடமும் விரற்கடை தள்ளி ரயில் தண்டவாளம் மாதிரி இணையாக ஓடினால் வண்டி கோணல்: கீல் முறுகி மூடியிருக்கிறது, அல்லது பின் சக்கரம் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிறது. கீலைத் திறந்து துடைத்து மூடி மறுபடி தண்ணீர் ஊற்றுங்கள். இந்தச் சோதனையை நான் செய்யும்போது அடுத்த வீட்டுப் பெரியவர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பார். இப்போது பழகிவிட்டார்.

“கனமா இருக்கு, நடுவுல வந்து பிடிச்சு நிக்குது”

கனம் மட்டும் என்றால் கோன் செட்டை மிஞ்சி இறுக்கியிருக்கிறோம். ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்களைத் தளர்த்தி, மேல்மூடி போல்ட்டைக் கொஞ்சம் விட்டு, ஆட்டம் மறையும் அளவுக்கு மட்டும் இறுக்கி, பிறகு பக்கவாட்டு போல்ட்களைப் பூட்டுங்கள். வரிசை முக்கியம். பக்கவாட்டு போல்ட்கள் பூட்டியிருக்கும்போது மேல்மூடியைத் திருகுவதால் எந்தப் பயனும் இல்லை.

நேராக இருக்கும் இடத்தில் மட்டும் சக்கரம் ‘கொக்கி’ போட்ட மாதிரி நின்று, அதைத் தாண்டியதும் லேசாகத் திரும்பினால், பால்ரஸ் குண்டுகள் கிண்ணத்தில் குழி போட்டுவிட்டன. நேராக ஓட்டுவதற்குச் சின்னச் சின்ன அசைவுகள் தேவை, அவை கிடைக்காமல் வண்டி கட்டை மாதிரி போகும். கிரீஸ் அடித்து ஏமாற்ற முடியாது. மாற்ற வேண்டியதுதான்.

“வலப்பக்கம் சட்டுன்னு திரும்புது, இடப்பக்கம் மந்தமா இருக்கு”

கம்பி வைத்த கீழ் ஸ்டியரிங்குக்கே உரிய நோய். ஹேண்டிலின் அச்சிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும், ஃபோர்க்கிலிருந்து இன்னொரு கை. இரண்டையும் கம்பி இணைக்கிறது, இரு முனையிலும் பால் ஜாயிண்ட் (எல்லாப் பக்கமும் அசையும் உருண்டை மூட்டு). சக்கரம் நேராக இருக்கும்போது அந்த இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று இணையாகவும், கம்பிக்குச் செங்குத்தாகவும் நிற்க வேண்டும். கம்பியின் நீளம் தப்பாக இருந்தால் ஒரு கை ஏற்கெனவே பாதி திரும்பிய நிலையில் தொடங்கும். ஒரு பக்கம் திருப்பும்போது பலம் கூடும், மறுபக்கம் குறையும். ரொம்பத் தப்பாக இருந்தால் ஒரு பக்கக் கடைசியில் கையும் கம்பியும் ஒரே கோட்டில் வந்து, ஹேண்டில் அங்கேயே மாட்டிக்கொள்ளும். நடுச்சாலையில் அது நடக்கக் கூடாது.

சக்கரத்தை நேராக வையுங்கள். சீட்டைக் கழற்றி மேலேயிருந்து பாருங்கள், கைகள் இணையாக இல்லை என்பது கண்ணுக்கே தெரியும். கம்பியின் இரு முனையிலும் பூட்டு நட்டுகளைத் தளர்த்துங்கள். ஒரு முனையில் இடமரை, மறுமுனையில் வலமரை இருந்தால் கம்பியைச் சுழற்றினாலே நீளும், குறையும். இரண்டும் வலமரை என்றால் ஒரு முனையைக் கழற்றி ஜாயிண்ட்டைச் சுற்ற வேண்டும். 6 மி.மீ சாதாரண மரையில் ஒரு முழுச் சுற்று என்பது 1 மி.மீ. ஜாயிண்ட்டின் மரை கம்பிக்குள் 9 மி.மீட்டராவது இறங்கியிருக்க வேண்டும். அதைவிட வெளியே வந்தால் நீளமான கம்பி வாங்குங்கள், அரை மரையில் உயிரைத் தொங்கவிடாதீர்கள்.

ஹேண்டிலைத் திருப்பியும் கொஞ்ச தூரம் சக்கரம் அசையாமல் இருந்தால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஹேண்டிலை ஆட்டினால் எந்த முனை என்று தெரிந்துவிடும். விலை குறைவான சாமான், இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். மடக்கும்போது இந்தக் கம்பியின் மேல் எதையும் சாய்க்காதீர்கள். லேசாக வளைந்தாலும் நீளம் குறைந்த மாதிரிதான்.

மூன்று சக்கரம் என்றால்

முன்னால் இரண்டு சக்கரம் உள்ள மடக்கு டிரைக்குகளுக்கு, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதி நிறுவனமான ஐசிஇயின் வண்டிகள் போன்றவை, பெரும்பாலான கோளாறு ஒன்றுதான்: முன் சக்கரங்கள் இணையாக இல்லை. அச்சு உயரத்தில், இரண்டு ரிம்களின் முன் ஓரத்துக்கிடையே உள்ள தூரத்தையும் பின் ஓரத்துக்கிடையே உள்ளதையும் அளந்து ஒப்பிடுங்கள். முன்பக்கம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நெருங்கியிருப்பது வழக்கம். செய்தவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் வேதம். முன்பக்கம் அகன்றிருந்தால் வண்டி அலையும். அதிகம் நெருங்கியிருந்தால் டயர் சரசரவென்று தேய்ந்து சீக்கிரம் வழுக்கையாகும். அளக்கும்போது ஒருவர் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், எடை ஏறினால் சக்கரங்களின் நிலை மாறும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஒரு பக்கம் இழுத்தால் அளவை விட்டுவிட்டு இரண்டு பிரேக்கும் ஒரே சமயத்தில் ஒரே அளவு பிடிக்கிறதா என்று பாருங்கள்.

“திரும்பும்போது குதிகால் டயர்ல உரசுது”

குட்டை வகையில் பெடல் முன் சக்கரத்துக்கு முன்னால் சுழல்வதால், கூர்மையாகத் திரும்பும்போது டயரின் முன்விளிம்பு உள்பக்கக் குதிகாலைத் தேடி வரும். இதுவும் சுபாவம்தான், முழுதாகப் போகாது. காலுக்கு ஏற்ப முன்குழாயை உள்ளே தள்ளியிருக்கும் குள்ளமானவர்களுக்கு அதிகம். 170 மி.மீ கிராங்க்குக்கு (பெடலைத் தாங்கும் கை) பதில் 155 போட்டால் நன்றாகக் குறையும், முட்டிக்கும் நல்லது. கிளீட் (ஷூவைப் பெடலோடு பூட்டும் சின்னக் கட்டை) போடுகிறவர்கள் அதைக் குதிகால் பக்கமாகத் தள்ளினால் முழுக் காலும் முன்னால் போய்விடும்.

எங்கே உரசுகிறது என்று தெரியாவிட்டால் டயரின் ஓரத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு ஒரு வட்டமடியுங்கள், ஷூவில் வெள்ளை ஒட்டியிருக்கும் இடம்தான். மெதுவான திருப்பத்தில் மிதிப்பதை நிறுத்தி, எந்தப் பக்கம் திரும்புகிறீர்களோ அந்தக் காலை முன்னால் நீட்டி வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கால் பின்னால் இருந்தாலும் டயர் அதைவிட்டு விலகித்தான் போகும். ஆனால் இதைச் செய்ய வண்டிக்குக் கொஞ்சம் ஓட்டம் மிச்சம் இருக்க வேண்டும், அதனால் திருப்பத்துக்கு முன்பே இரண்டு மிதி கூடுதலாகப் போட்டு வையுங்கள்.